அத்தை வாங்காத பால்

எங்கள் ஜனங்கள் வீட்டில் சாகத்தான் ஆசைப்படுகிறார்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. முதலில் அந்த 'எங்கள்' என்ற சொல்லே எரிச்சல். அவர் பங்சாரில் பெரிய வீடு வைத்திருந்த சிலோன் தமிழர். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். கோயில் வேறு, கல்யாண மண்டபம் வேறு, பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் முன்னால் சாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாங்கள் எல்லோரும் ஒரே ஜனங்களாகிவிட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டாக்டர் முதலில் வைத்தியம் பார்த்தவர். பிறகு இங்கிலாந்துக்குப் போய், வைத்தியத்துக்கு ஆகும் செலவை ஆராய்வதற்கென்றே ஒரு படிப்புப் படித்துவிட்டு வந்தார். சுகாதாரப் பொருளாதாரம் என்று நான் அம்மாவுக்கு விளக்கியபோது, "அப்படின்னா என்ன, ஆஸ்பத்திரிக்குக் கணக்கப்பிள்ளையா?" என்று கேட்டாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. புள்ளிவிவரம் படித்திருந்த நான் அவருக்குக் கீழே ஆய்வு உதவியாளர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் கைவிட்ட நோயாளிகளைக் கடைசி மாதங்களில் வார்டிலேயே வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்பி ஒரு மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, அவ்வப்போது போய்ப் பார்த்துவரச் சொல்வதா, அரசாங்கத்துக்கு எது கட்டுப்படியாகும், குடும்பங்கள் எதை விரும்புகின்றன என்பதுதான் ஆய்வு. ஓர் ஆஸ்பத்திரி அதைச் சோதனை முறையில் செய்துபார்க்கவும் தொடங்கியிருந்தது.

அட்டவணைகள் போடுவது என் வேலை. தமிழ் வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசுவதும் என் தலையில் விழுந்தது. "உமக்குத்தானே அவையளின்ரை பேச்சு விளங்கும்" என்றார் டாக்டர். விருந்தாளிகள் இல்லாதபோது 'எங்கள் ஜனங்கள்' இப்படித்தான் 'அவையள்' ஆகிவிடுவார்கள்.

வீட்டுச் செலவு என்ற பத்தியில்தான் எங்கள் முதல் சண்டை வந்தது. மிஸ்ஸியின் போக்குவரத்துக்கு ஒரு தொகை, மாத்திரைக்கு ஒரு தொகை. நோயாளியைத் தூக்கி, துடைத்து, மலம் அள்ளி, ராத்திரியெல்லாம் கண் விழிக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ பூஜ்யம். இது என்ன நியாயம் என்று கேட்டேன். சந்தையில் விலை இல்லாத ஒன்றுக்குத் தான் என்ன விலை போடுவது என்று கேட்டார். அப்படியானால் அதே வேலைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துப் பாருங்கள், விலை தானாகத் தெரிந்துவிடும் என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்தால் பல் தெரியாது. பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. வீடு மலிவு, ஆஸ்பத்திரி விலை அதிகம் என்று அட்டவணை அழகாக முடிந்தது.

அடுத்து விருப்பம். எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று நோயாளியைக் கேட்க வேண்டுமென்றால், அவருக்குத் தன் நோய் இன்னதென்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். அது விதி. சொல்லப்படாதவரைக் கேட்டு அதிர்ச்சியில் ஆழ்த்தக் கூடாதாம். கேட்பதற்கு நல்ல விதிதான். ஆனால் எங்கள் வீடுகளில் யார் சொன்னார்கள்? புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியின் காதில் யாரும் போடுவதில்லை. கட்டி என்பார்கள், புண் என்பார்கள், உடம்புச் சூடு என்பார்கள். ஆகவே நான் போன எந்தத் தமிழ் வீட்டிலும் நோயாளியைக் கேட்க முடிந்ததில்லை. மூத்த மகனைத்தான் கேட்டோம். அதுவும் அவனுடைய மாமன் மச்சான் சுற்றி நிற்கும்போது. அம்மாவை எங்கே வைத்துக்கொள்ள விரும்புகிறாய் என்று கேட்டால் எந்த மகன் ஆஸ்பத்திரி என்பான்? சொல்லிவிட்டு நாளைக்கு அவன் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டாமா? நான் இதையும் டாக்டரிடம் சொன்னேன். குடும்பம்தான் கீழை நாடுகளில் முடிவெடுக்கும் அலகு என்று ஒரு பதில் வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் என் அத்தை அந்த ஆய்வுக்குள் வந்து சேர்ந்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கிள்ளானில் வீடு. அவளுக்கும் என் அம்மாவுக்கும் பல வருஷப் பகை. காரணம் நான். அத்தை தன் மூத்த மகனுக்கு என்னைக் கேட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அத்தான் அப்போதுதான் சொந்தமாக முதல் லோரி வாங்கியிருந்தார். நான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்திருந்தேன். லோரிக்காரனுக்குக் கொடுக்கவா என் பிள்ளையைப் படிக்க வைத்தேன் என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டது. அத்தை தட்டை அப்படியே தரையில் வைத்தாள். "இனி உன் கையால ஒரு வாய்த் தண்ணிகூட வாங்க மாட்டேன்டி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டாள்.

சும்மா கோபத்தில் சொன்ன பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என் அப்பா செத்தபோது அத்தை வந்தாள். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். அழுது தொண்டை வறண்டதும் வெளியே போய், தன் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். சாவு வீட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்த மனுஷி அவள்! அதைப் பார்த்து அம்மாவுக்கு அப்பா செத்த துக்கம்கூட ஒரு நிமிஷம் நின்றுபோனது.

இந்தப் பெண் கேட்ட விவகாரத்தில் என்னை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்கவில்லை.

அத்தைக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வயிற்றில் புண் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சோதனை நடந்த அதே ஆஸ்பத்திரியில் அவள் இருப்பது தெரிந்து நான் பார்க்கப் போனேன். ஜன்னலோரக் கட்டில். அங்கிருந்து பஸ் போவது வருவது தெரியும். ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்ததால் முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிட்டிருக்கானுங்க" என்றாள்.

நான் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"நீயும் நடிக்காதே. என்னைய வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம், மிஸ்ஸி பேசிக்கிட்டாங்க. எனக்கு வேணாம். இங்க நோவு வந்தா ஊசி போடறாங்க, தூங்கிர்றேன். வீட்டுல யாரு போடுவா? நடு ஹால்ல போட்டுட்டு, ஆளாளுக்கு வந்து வாயில பால ஊத்துவாங்க. உங்கம்மாவும் வருவா. அவ கையால பால வாங்கிட்டு நான் சாகணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டது. என் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிக்கொண்டு, நிஜமாகத்தான் சொல்கிறேன், விளையாட்டில்லை என்றாள். நீ பெரிய படிப்புப் படித்தவளாயிற்றே, உன் டாக்டரிடம் சொல்லு என்றாள். செத்த பிறகு வீட்டுக்குள் கொண்டுபோனால் என்ன, வாசலில் போட்டால் என்ன, தனக்கு அதில் ஒன்றும் இல்லை என்றாள். இங்கேயே ஊசியோடு கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நடையில் அத்தானும் அவர் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். அத்தானைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஆஸ்பத்திரியில போயிட்டா வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாது, தெரியும்லா? வாசல்லயே போட்டுத் தூக்கணும். லோரி ஓட்டிச் சம்பாதிக்கத் தெரிஞ்சவனுக்குப் பெத்தவள வச்சுப் பார்க்க வக்கில்லன்னு பேசுவாங்க."

பேசுகிறவர்களா வலி தாங்கப் போகிறார்கள் என்று கேட்டேன். வலியில் அம்மா என்னவோ உளறுகிறார்கள், நீ எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்றார். அதோடு விடவில்லை. "அன்னைக்கே நாங்க வேணாம்னு போனவதானே நீ" என்றார். என்னைக் கேட்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்து, ஆஸ்பத்திரி நடையில் அந்தப் பழைய குப்பையைக் கிளற வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன். அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு ஓரமாக நின்றாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மாமியார் வீட்டுக்கு வந்தால் அந்த வேலையை விட வேண்டும். அவளையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போனேன். சீனி போடாத தேநீரை வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வார்டில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தையை அங்கேயே வைத்துக்கொள்வார்கள்.

"அவவுக்கு வருத்தம் இன்னதெண்டு சொல்லியிருக்கினமோ?" என்று கேட்டார். அவர் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

இல்லை, ஆனால் அத்தைக்கே தெரிந்திருக்கிறது என்றேன்.

"சொல்லேல்லை எண்டால் கேக்கேலாது."

"நான் கேக்கல டாக்டர். அவங்களா சொல்றாங்க."

"நீர் சொந்தக்காரி. நீர் சொல்லுறது கணக்கில வராது. மகனைக் கேட்டாச்சு, அவர் வீடெண்டு சொல்லிப்போட்டார். உம்மட ஆக்களுக்கு அதுதானே முறை."

அவர் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குரல் உயராமல், கண் தாளிலிருந்து முழுதாக நிமிராமல் சொன்னார். ஒரு கிழவியின் கடைசி நாட்களுக்கு அந்த மனிதர் கொடுத்த நேரம் ஒரு வாய்த் தேநீர் குடிக்கும் நேரம்தான். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அது தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் கதவு. அந்தத் திருப்தியும் கிடைக்கவில்லை.

அத்தையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

நடு ஹாலில் டிவியை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள். வருகிறவர்களுக்குக் கோப்பி, பிஸ்கட். செலாயாங்கிலிருந்து, பந்திங்கிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஒருத்தி அத்தையின் தலைமாட்டில் நின்றுகொண்டே, கட்டிவிடப் பட்டுச் சேலை எடுத்து வைத்தாயிற்றா என்று மருமகளைக் கேட்டாள். அத்தைக்குக் காது நன்றாகவே கேட்டது. மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். மாத்திரை உள்ளே தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் போட்ட அந்த ஊசி வீட்டுக்கு வராது. அது வார்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும் மருந்து. நோவு வந்தபோது அத்தை துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். இத்தனை பேர் பார்க்கும்போது கத்தக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். டாக்டரின் கட்டுரையில் இதற்கு 'உற்றார் சூழ்ந்த அமைதி' என்று பெயர். அந்த வரியை என் கையாலேயே தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன், பாவி.

மருமகள் வேலையை விட்டிருந்தாள். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்டாள். "அக்கா, நீங்க ஏதோ செலவுக் கணக்கு எடுக்கிறீங்களாமே, அதுல நான் வருவேனா?"

வரமாட்டாய் என்றேன். அவள் மறுபடியும் துணியை அலச ஆரம்பித்தாள்.

அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது என்று செய்தி வந்தபோது அம்மா புறப்பட்டாள். அண்ணன் பெண்டாட்டி வரவில்லை என்றால் சனம் தன்னைத்தான் பேசும் என்றாள். அத்தை வார்டில் சொன்னதை அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். அடக்கி வைத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. ஊசியைப் பற்றிச் சொன்னேன். பாலைப் பற்றியும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மா சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"சாகப் போறப்பகூட அவளுக்கு அந்தத் திமிரப் பாரேன்" என்றாள்.

பஸ்ஸில் கிள்ளான் போய்ச் சேரும் வரைக்கும் அத்தையைத் திட்டிக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் குழம்பில் உப்பில்லை என்று அத்தை சொன்னதிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடவில்லை.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது பால் கிண்ணம் தயாராக இருந்தது. யாரோ பெரியவர் நேரம் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, நேரம் வரவில்லை. அது நோவில் வாங்கிய மூச்சு. அத்தையின் கண் திறந்திருந்தது, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் முதலில் அழுதுகொண்டே ஒரு கரண்டி ஊற்றினார். மகன் என்று வாங்கிக்கொண்டாள். பாதி வழிந்து கழுத்துக்குப் போனது. மருமகள் ஊற்றினாள். பிறகு, அண்ணி வாங்க, நீங்கதான் பெரியவங்க என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள்.

அம்மா குனிந்தாள். அத்தை அவளைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு வாயை இறுக மூடிவிட்டாள். தாடை நடுங்கியது, ஆனால் திறக்கவில்லை.

நினைவு தப்பிவிட்டது, அதனால்தான் என்று ஒருத்தி முன்னால் வந்து, அத்தையின் இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தி வாயைத் திறக்கப் பார்த்தாள். அம்மா அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டாள்.

"விடுடி. நெனவோடதான் இருக்கா. அவ வேணாங்கிறா."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். அத்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளோடு பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறியா?"

அத்தை கண்ணை எடுக்காமல், ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள்.

அத்தனை பேர் படித்து, அத்தனை வீடு ஏறி இறங்கி, நாங்கள் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவளுக்கு ஆகாதவள் ஒருத்திதான் அதைக் கேட்டாள். எனக்கு மானமே போய்விட்டது.

அம்மா அத்தான் பக்கம் திரும்பினாள். "தம்பி, லோரிய எடு."

"மாமி, இப்ப வெளிய கொண்டு போனா அப்புறம் உள்ள கொண்டு வர முடியாது."

"உள்ள வர வேணாம். வாசல்ல கூடாரம் போடு. எவளாச்சும் பேசினா, அவ அண்ணி பாவிதான் தூக்கிட்டுப் போகச் சொன்னான்னு சொல்லு. என்னையப் பேசட்டும்."

அத்தான் அழுதுகொண்டே சாவியைத் தேடினார். பழி சுமக்க வேறு ஆள் கிடைத்ததும் மனுஷனுக்குக் கால் எழுந்துவிட்டது. கூடவே கொஞ்சம் நிம்மதியும் அவர் முகத்தில் தெரிந்ததை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். லோரியின் பின்னால் மெத்தை விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி, அத்தையை ஏற்றினார்கள். மருமகளும் நானும் ஏறிக்கொண்டோம். அம்மா ஏறவில்லை. அந்த வீட்டில் ஒரு வாய்க் கோப்பியும் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வார்டில் மிஸ்ஸி எங்களைப் பிடித்துக் கத்தினாள். வீட்டுக்கு அனுப்பிய ஆளை ஏன் திருப்பிக் கொண்டு வந்தீர்கள், கட்டில் எங்கே இருக்கிறது என்றாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். என்னிடமிருந்த ஆய்வு அடையாள அட்டையை மேசையில் வீசி, டாக்டர் சொல்லித்தான் கொண்டுவந்தோம் என்று துணிந்து பொய் சொன்னேன். ஜன்னலோரக் கட்டில் கிடைக்கவில்லை. நடையில் ஒன்று கிடைத்தது. ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தையின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டுப்போனது.

"உங்கம்மா போயிட்டாளா?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க அத்தை."

"சரி" என்றாள். தூங்கிவிட்டாள். மறுநாள் மத்தியானம், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

ஆய்வு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அத்தையின் விவரம், விரும்பிய இடம் வீடு, அனுப்பிய இடம் வீடு என்று வெற்றிகரமான பக்கத்தில் சேர்ந்தது. மிஸ்ஸி கடைசியாக வீட்டுக்குப் போய்ப் பார்த்த நாளோடு எங்கள் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு லோரி ஓடியது ஆய்வுக்கு வெளியே. நான் திருத்தச் சொன்னேன். ஒரு கதையை வைத்துக்கொண்டு முடிவை மாற்ற முடியாது என்றார் டாக்டர். பெரிய ஹோட்டலில் அறிக்கையை வாசித்தபோது, எங்கள் ஜனங்கள் தம் வீட்டில் சாகவே ஆசைப்படுகிறார்கள் என்று மறுபடியும் சொன்னார். நான் எழுந்து, சாகப் போகிறவர்களில் யாரைக் கேட்டோம் என்று கேட்டேன். நேரமாகிவிட்டது, தேநீருக்குப் பிறகு பேசலாம் என்றார்கள். தேநீருக்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அவரிடம் வேலையும் இல்லை. வெகுகாலம் கழித்து அவரும் நோயில் விழுந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். அவரைக் கேட்டிருப்பார்கள். துக்கம் விசாரிக்க நான் போகவில்லை.

அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, அம்மா சொன்னபடியே வாசலில் கூடாரம் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் பேசத்தான் செய்தார்கள். அண்ணிக்காரி வன்மம் வைத்து, வீட்டுக்குள் உயிர் போகவிடாமல் துரத்திவிட்டாள் என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மாவின் காதிலும் விழுந்தது. யாரோடும் மல்லுக்கு நிற்காத அம்மாவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எடுப்பதற்கு முன் பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாகச் சுற்றி வந்தார்கள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தும் அத்தையின் வாய் கொஞ்சம் திறந்தே இருந்தது. ஒவ்வொருத்தியும் கொஞ்சம் அரிசி எடுத்துப் போட்டுவிட்டு அழுதபடி நகர்ந்தாள். அம்மாவின் முறை வந்தது. கை நிறைய அரிசி எடுத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போனாள். அங்கே அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வரிசை தேங்கியது. எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். போடுங்கம்மா, நேரமாகுது என்றார் காரியம் செய்ய வந்தவர்.

"உசிரோட வாங்காதவ" என்றாள் அம்மா. "இப்ப வாய மூட முடியலங்கிறதுக்காகப் போட்டுருவனா?"

அரிசியைத் தட்டிலேயே திருப்பிக் கொட்டினாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் விடாமல் தட்டிவிட்டாள். கூடாரத்துக்கு வெளியே போய், ரோட்டோரமாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு தன் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றித் தண்ணீர் குடித்தாள்.